ஆற்றில் சொன்ன "இல்லை"

அடக்க ஆராதனையில் வாசிப்பதற்காக டீட்ரிக் ஊன்ரூவின் வாழ்க்கைக் குறிப்பை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஓர் அச்சு உண்டு. பிறந்தது எப்போது, ஞானஸ்நானம் பெற்றது எப்போது, யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், கர்த்தருக்குள் நித்திரையானது எப்போது. கால் மணி நேரத்தில் எழுதிவிடலாம். நான் இரண்டாவது வரியிலேயே பேனாவை வைத்துவிட்டேன். அந்த மனிதருக்கு இரண்டு ஞானஸ்நானம். இரண்டில் எதைப் போட்டாலும் ஒருவருக்குக் கோபம் வரும்.

"அவரப் பத்தி எழுத இவ்வளவு யோசனையா? ரோட்டுல பனி தள்ளினார், வீட்டுக்கு வந்தார், தூங்கினார்" என்றார் என் கணவர். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள். நகராட்சியின் கிரேடர் வண்டியை ஓட்டியவர். கோடையில் சரளை ரோட்டைச் சமன் செய்வார், குளிர்காலத்தில் பனியை ஒதுக்குவார். பேச்சு கிடையாது. சபைக் கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். வெட்கத்தோடு ஒரு மனிதன் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்த முடியும் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். குறிப்பில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கனடாவின் சஸ்காச்சுவானில் ஆற்றின் வடகிளைக் கரையில் இருக்கிறது. எல்லோரும் மெனோனைட்டுகள்தான், வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் கொடுக்கும் கிறிஸ்தவப் பிரிவு. ஒரே கப்பலில் வந்து இறங்கிய குடும்பங்கள், ஒரே ஜெர்மன் பாட்டுகள், ஒரே முட்டைக்கோஸ் சூப். ஆனால் சபைகள் மட்டும் இரண்டு, மேட்டில் ஒன்று, ஆற்றோரம் ஒன்று. மேட்டுச் சபையில் ஞானஸ்நானம் பெறுகிறவர் முழங்காலில் நிற்பார். மூப்பர் அவர் தலைக்கு மேல் இரு கைகளையும் குவித்துப் பிடிப்பார். உதவிக்காரர் ஓர் எனாமல் ஜக்கிலிருந்து அந்தக் கைகளில் தண்ணீர் ஊற்ற, அது தலையில் இறங்கும். எங்கள் ஆற்றுச் சபையில் அதெல்லாம் செல்லாது. ஆற்றில் இறங்கி, மல்லாக்கச் சாய்ந்து, முழுசாக முங்க வேண்டும். பக்கத்து ஊரில் இன்னொரு சபை இருக்கிறது. அவர்களுக்கும் ஆறுதான், ஆனால் குப்புற. மல்லாக்க முங்கினவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. நாங்கள் அவர்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்போம். மேட்டுச் சபையாரைப் பார்த்து மட்டும் சிரிக்க மாட்டோம், அவர்களுக்காக ஜெபிப்போம். சிரிப்பதைவிட அது மோசம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் பெண்ணையோ பையனையோ மேட்டிலிருந்து யாராவது கட்ட விரும்பினால், வருகிறவர் ஆற்றில் இறங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஆளையே சபையிலிருந்து நீக்கிவிடுவோம். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது மூப்பர் ஒரு கேள்வி கேட்பார்: "இதற்கு முன் உனக்கு ஞானஸ்நானம் உண்டா?" தலையில் ஊற்றினது கணக்கில் வராது என்பது எங்கள் போதனை. ஆகவே "இல்லை" என்றுதான் சொல்ல வேண்டும். கரையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

டீட்ரிக்கின் அப்பா கெர்ஹார்ட் ஊன்ரூ மேட்டுச் சபையின் உதவிக்காரர். அந்த ஜக்கைப் பிடித்தவர் அவர்தான். பதினெட்டு வயதில் டீட்ரிக் முழங்காலில் நின்றபோது ஊற்றப்பட்ட தண்ணீரும் அவர் கையிலிருந்து வந்ததுதான். நாலு வருஷம் கழித்து டீட்ரிக்குக்கு எங்கள் சபைப் பெண் யூஸ்டினா குரோக்கர் மேல் ஆசை வந்தது. மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்த அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். யூஸ்டினா இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"ஆத்துல இறங்கச் சொல்றாங்கப்பா."

"அவங்க என்ன கேப்பாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும்."

கெர்ஹார்ட் கொஞ்ச நேரம் கறப்பதை நிறுத்தவில்லை. "நல்ல பொண்ணு" என்றார் பிறகு. "ஜூன் மாசத்துலயும் தண்ணி சில்லுனு இருக்கும்டா. உடம்ப துடைக்காம நின்னேன்னா சளி பிடிச்சுக்கும். நான் துண்டு எடுத்துட்டு வர்றேன்."

அந்த ஞாயிறு எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது. கரையில் நின்று பாடும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. மேட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை, கெர்ஹார்ட் மட்டும் வந்திருந்தார். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, மடித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களிடமிருந்து சற்றுத் தள்ளி நின்றார். மூப்பர் கேள்வி கேட்டார். டீட்ரிக் பதில் சொன்னது காதில் விழவில்லை.

"சத்தமா சொல்லு தம்பி" என்றார் மூப்பர். "எல்லாரும் கேக்கட்டும்."

"இல்லை!"

மறுகரை வரை கேட்டிருக்கும். முங்கி எழுந்ததும் நாங்கள் பாட்டை ஆரம்பித்தோம். யூஸ்டினாவின் அண்ணன் ஆப்ரம்தான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். நடுங்கிக்கொண்டே கரையேறி வந்த மகனைக் கெர்ஹார்ட் துண்டால் சுற்றி, குழந்தைக்குத் துவட்டுவது போல் தலையைத் துவட்டிவிட்டார். பிறகு எங்கள் மூப்பருக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டு, தனியாக நடந்து போனார்.

அடுத்த வாரம் அவர் மேட்டுச் சபையில் ஜக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கை நடுங்குது. இனிமே நமக்கு முடியாது. வேற ஆளப் பாருங்க" என்றாராம். அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பாவம், இந்த வயதில் நரம்புத் தளர்ச்சி என்று மேட்டுச் சபையார் நம்பினார்கள்.

டீட்ரிக்கும் நம்பியிருப்பார். ஆனால் அதே வாரம் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கொட்டிலுக்குப் போனபோது, விளிம்பு வரை பால் நிறைந்த இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு கெர்ஹார்ட் படியேறிப் போவதைப் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கை நடுங்குதுன்னு சொன்னீங்களாமேப்பா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் நடுங்குதுடா" என்றார் கெர்ஹார்ட். அதற்குப் பிறகு அப்பாவும் மகனும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல? டீட்ரிக் தினமும் கேட்கத்தான் நினைத்தார். விதைப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார். ஞாயிறு மத்தியானம் குடும்பத்தோடு அப்பா வீட்டுக்குப் போய் இரட்டைப் பன்னும் ஜாமும் தின்றுவிட்டு, வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். கெர்ஹார்ட் மேட்டுச் சபையின் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார், ஒரு ஜனவரியில் அங்கிருந்தே கல்லறைக்கும் போனார். அந்த வாரம் பனி ஆளுயரம். கல்லறைக்கு வழி உண்டாக்க வேண்டியது கிரேடர்க்காரரின் வேலை. அப்பாவின் பெட்டி போவதற்கு டீட்ரிக்கே பனியைத் தள்ளி வழி செய்தார். வண்டியிலிருந்து இறங்கி வந்து பெட்டியைத் தூக்கினார். முகத்தை யாரும் பார்க்க முடியவில்லை, கழுத்துத்துணியைக் கண் வரைக்கும் ஏற்றிக் கட்டியிருந்தார்.

அன்று முதல் எந்தப் பனி விழுந்தாலும் முதலில் மேட்டு வழியைத்தான் திறப்பார், கல்லறை வாசல் வரைக்கும். அதன் பிறகுதான் எங்கள் ஆற்று வழி. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பனியில் கார் சிக்கி நிற்போம். ஆப்ரம் விடுவாரா?

"என்ன மச்சான், மேட்டுக்காரங்களுக்கு ராஜபாட்டை, நமக்கு மட்டும் புதைகுழியா? ஆத்துல முங்கியும் இன்னும் பழைய வாசனை போகலையே!"

டீட்ரிக் சிரித்துவைப்பார். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வெளியூர்ப் பிரசங்கியார் யார் வந்தாலும், ஆப்ரம் தன் மச்சானின் தோளில் கை போட்டு அறிமுகம் செய்வார்: "இவங்கப்பா மேட்டுல ஜக்கு பிடிச்சவர். அவர் முன்னாடியே ஆத்துல நின்னு, எனக்கு ஞானஸ்நானம் ஆகலன்னு சாட்சி சொன்னவர் இவர்." பிரசங்கியார் "ஸ்தோத்திரம்" என்பார். டீட்ரிக் தரையைப் பார்ப்பார். அது தாழ்மை என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல.

வருஷங்கள் ஓடின. பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். இரண்டு சபையிலும் பெஞ்சுகள் காலியாயின. சபை ஐக்கியம் வேண்டும் என்று அதுவரை யாருக்கும் ஞானம் பிறக்கவில்லை. எங்கள் கட்டடத்தின் ஹீட்டர் உடைந்த அன்றுதான் பிறந்தது. கோட்டு போட்டுக்கொண்டு பாடினோம், வாயிலிருந்து புகை வந்தது. "மேட்டுல ஹீட்டர் புதுசு" என்று யாரோ முனகினார்கள். அங்கே மார்லீஸ் தீசன் என்ற பெண் போதகர் இருந்தார், எங்களுக்குப் போதகரே இல்லை. பேச்சு தொடங்கிவிட்டது. எந்தப் பியானோ, எந்தப் பாட்டுப் புத்தகம், சமையலறைச் சாவி யாரிடம் என்று இரண்டு பக்கத்துப் பெண்களும் மல்லுக்கு நின்று ஒருவழியாகத் தீர்த்தோம். ஒன்றுதான் பாக்கி. சேர்ந்த சபையில் இனி யாரையும் "இதற்கு முன் உனக்கு ஞானஸ்நானம் உண்டா" என்று கேட்பதில்லை, எந்த விதத்தில் பெற்றிருந்தாலும் அது ஞானஸ்நானமே. இதை எங்கள் சபையார் ஏற்றுக்கொண்டால் ஐக்கியம், இல்லாவிட்டால் இல்லை.

அந்தக் கூட்டத்தில் ஆப்ரம் எழுந்தார். வயதாகியும் குரல் குறையவில்லை.

"ஒரு ஹீட்டருக்காக சத்தியத்த விக்கணுமா, சகோதரர்களே? நம்ம பெரியவங்க ஐஸ உடைச்சு ஆத்துல இறங்கினாங்க. நாம குளிருதுன்னு மேட்டுக்கு ஓடுறோம். ஊத்தினது ஞானஸ்நானம் இல்லன்னு நான் சொல்ல வேண்டாம். அங்கேருந்து வந்தவரே நம்ம நடுவுல இருக்கார், ஜக்கு பிடிச்சவரோட சொந்த மகன். எந்திரிச்சு சொல்லு மச்சான். அன்னிக்கு என்ன சொன்னே?"

கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தோம். டீட்ரிக் எழுந்தார். முன்னாலிருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் சபையில் பேசி யாரும் கேட்டதில்லை.

"இல்லைன்னு சொன்னேன்."

"கேட்டுக்கோங்க!" என்றார் ஆப்ரம்.

"பொய் சொன்னேன்."

பெஞ்சை விடாமல் டீட்ரிக் தொடர்ந்தார்.

"எனக்குப் பதினெட்டு வயசுலயே ஆயிடுச்சு. முழங்கால் போட்டிருந்தேன், தண்ணி காதுக்குள்ள போயிடுச்சு. எங்கப்பா தன்னோட கைக்குட்டையால துடைச்சுவிட்டார். நான் அழுதேன். கர்த்தர் அங்க இருந்தார், எனக்கு நல்லாத் தெரியும். ஆத்துல நின்னப்பவும் தெரியும். தெரிஞ்சேதான் இல்லைன்னேன்."

ஆப்ரமின் முகம் சிவந்துவிட்டது. "அப்போ ஆத்துல நடந்தது என்ன? விளையாட்டா?"

"கல்யாணத்துக்காக நடந்தது, மச்சான். அதுக்கு விலை கொடுத்தது நான்கூட இல்ல. துண்டு வச்சுக்கிட்டு நின்னாரே, அவர்."

யூஸ்டினா எழுந்து தன் கணவர் பக்கத்தில் நின்றாள். "அவர மட்டும் ஏன் கேக்கறே, அண்ணே? ஒரு வார்த்தைதானே, சொல்லிடு டீட்ரிக்னு அன்னிக்குக் கெஞ்சினது நான். சொல்லலன்னா நீங்க எல்லாரும் சேந்து என்னை வெளிய தள்ளியிருப்பீங்க. நீயும்தான்."

அதோடு முடியவில்லை. எண்பதைத் தாண்டிய என் மாமியார் ஹெலெனா, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி எழுந்தார். "நானும் 'இல்லை'தான்" என்றார். "எங்கம்மா கரைக்கே வரல. அப்புறம் சாகிற வரைக்கும் எங்கிட்ட ஞானஸ்நானம்ங்கிற வார்த்தையே பேசல." அவருக்குப் பின்னால் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மேட்டிலிருந்து கல்யாணம் கட்டி வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். உட்கார்ந்திருந்தது என்னைப் போல இங்கேயே பிறந்தவர்கள், எங்களை யாரும் அந்தக் கேள்வி கேட்டதே இல்லை. இவர்கள் எல்லோரையும் ஆற்றில் நிறுத்தி, பெற்ற தாய் தகப்பனை மறுதலிக்க வைத்து, நாங்கள் கரையில் நின்று பாடியிருக்கிறோம். எனக்கு என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாமியார் வீட்டிலேயே இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்டதும் இல்லை.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆப்ரமும் இன்னும் சிலரும் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். கூட்டத் தலைவர் கேள்விகள் அச்சடித்த அட்டையை எடுத்து, அந்த ஒரு கேள்வியின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார். "நல்லது, காப்பி ஆறிடப்போகுது" என்றார். எல்லோரும் கீழ் அறைக்கு இறங்கிப் போனோம். பன் இருந்தது, குளிர்ந்த பழக்கூழ் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் கோதுமை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம். யாரோ சிரித்தார்கள்.

டீட்ரிக்கைக் காணவில்லை. நான் ஒரு கோப்பை காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். தன் பிக்கப் வண்டியில் இன்ஜினைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன்.

"அண்ணே, காப்பி."

வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. "இவ்வளவுதானா?" என்றார்.

"எது?"

"ஒரு கோடு. கிழிச்சாங்க, பன் திங்கப் போயிட்டாங்க." கோப்பையை டேஷ்போர்டில் வைத்தார். "உள்ள அடிதடியாவது நடந்திருக்கலாம். நடந்திருந்தா, இது பெரிய விஷயம்தான், அதனாலதான் அப்பாவ அப்படி நிக்க வச்சேன்னு மனச தேத்திக்குவேன். இது ஒண்ணுமே இல்லையே. ஒண்ணுமில்லாததுக்காகவா நான் அவர் கையிலேருந்து ஜக்க வாங்கி வச்சேன்?"

ஐக்கியம் வந்ததே என்று மகிழ வேண்டிய நாளில் நான் ஒரு கிழவரின் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, சேர்ந்த சபையில் முதல் ஞானஸ்நானம். ஆறா ஜக்கா என்று பிள்ளைகளே முடிவு செய்யலாம். ஆப்ரமின் பேத்தி ஜக்கைத்தான் கேட்டாள். "ஆறு ரொம்பக் குளிரும் தாத்தா" என்று சொல்லிவிட்டாளாம். மேட்டுச் சபை உதவிக்காரர் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார். போதகர் மார்லீஸ் நேரே டீட்ரிக் வீட்டுக்குப் போய், ஜக்கைப் பிடிக்க முடியுமா என்று கேட்டார்.

"நான் வேண்டாம்மா. அதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல" என்று டீட்ரிக் மறுத்துவிட்டார்.

"யோக்கியதைய யாரு கேட்டா?" என்றாள் யூஸ்டினா. "கை ரெண்டும் இருக்குல்ல? போ."

அதே ஜக்குதான். வெள்ளை எனாமல், மூக்கில் கறுப்பாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ஆப்ரமின் பேத்தி முழங்காலில் நின்றாள். ஆப்ரம் இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் வந்திருந்தார். போதகர் கைகளைக் குவித்துப் பிடித்தார். டீட்ரிக் ஜக்கைத் தூக்கிச் சாய்த்தார். மெல்லிய கம்பி மாதிரித் தண்ணீர் இறங்கி, போதகரின் கையை நிறைத்து, பெண்ணின் தலையில் வழிந்தது. வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊற்றி முடித்ததும் டீட்ரிக் பைக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் காதோரத்தைத் துடைத்துவிட்டார்.

ஆராதனை முடிந்து காப்பிக்குக் கூடினோம். ஆப்ரம் தானாகவே டீட்ரிக்கிடம் வந்தார். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருப்பார், அவருக்கும் ஈரமில்லாமல் இல்லை. மேட்டுச் சபைப் பெரியவர்கள் நாலைந்து பேர் பக்கத்தில் நின்றார்கள்.

"பிரமாதம் மச்சான். எழுபதை நெருங்கியாச்சு, கை கொஞ்சம்கூட நடுங்கலையே!"

டீட்ரிக் கோப்பையை மேசையில் வைத்தார். அப்போதும் அவர் கை நடுங்கவில்லை. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவுக்கும் நடுங்கல" என்றார்.